அலுமாரிக்குள் கிடக்கும் விலைகூடிய மணிக்கூடு: விற்பதா, கட்டுவதா, பூட்டி வைப்பதா?

போன மாதம் மட்டக்களப்பு கல்லடியில் ஒரு ரீச்சர் வீட்டுக்குப் போயிருந்தேன். தேநீரை வைத்துவிட்டு அறைக்குள் போனவர், பிள்ளைகளின் பழைய சாப்பாட்டுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே சேலைத் துண்டில் சுற்றிய ஒரு மணிக்கூடு. ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட், ஸ்டீலும் மஞ்சள் தங்கமும் கலந்தது. அவருடைய அப்பா கட்டாரில் வேலை செய்தபோது 1994இல் வாங்கியது. அப்பா இறந்து எட்டு வருடமாகிறது. அதற்குப் பிறகு ரீச்சரின் கணவர் மூன்று கல்யாண வீடுகளுக்கு அதைக் கட்டியிருக்கிறார். மற்ற நாளெல்லாம் அது பெட்டிக்குள்தான்.

"என்ன செய்யிற எண்டே தெரியல்ல தம்பி. வித்தா அப்பாவ வித்த மாதிரி. வெச்சிருந்தா சும்மா கிடக்கு."

இதே கேள்வி காத்தான்குடியிலிருந்தும் கல்முனையிலிருந்தும் களுவாஞ்சிக்குடியிலிருந்தும் எனக்கு வந்திருக்கிறது. மத்திய கிழக்கில் உழைத்தவர்கள் வாங்கி வந்தது, சுவிஸிலோ கனடாவிலோ இருக்கும் அண்ணன் கையிலிருந்து கழற்றிக் கொடுத்தது என்று நம் பக்கத்து அலுமாரிகளில் இப்படி நிறைய மணிக்கூடுகள் இருக்கின்றன. என் அப்பா மணிக்கூடு திருத்துபவர். அவருடைய மேசைக்குப் பக்கத்தில் இருந்து வளர்ந்தவன் நான். அந்தப் பழக்கத்தில்தான் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

## முதலில், கையில் இருப்பது என்ன?

இதைத் தெரிந்துகொள்ளாமல் விற்பதைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. வீட்டில் எல்லோரும் "விலைகூடிய வோச்" என்று காப்பாற்றி வைத்திருப்பது பல தடவை பொன்முலாம் பூசிய சீக்கோவாகவோ சிட்டிசனாகவோ இருக்கும். நல்ல மணிக்கூடுகள்தான், ஆனால் அந்த முலாம் தலைமயிரை விட மெல்லியது, அதில் தங்க விலை கிடையாது. ராடோ டயஸ்டாரும் அப்படித்தான். 1962இல் வந்த அந்த மாதிரி கீறல் விழாத கடின உலோகத்துக்காகப் பேர் பெற்றது. நம் தகப்பன்மார் அதைக் கட்டுவதைப் பெருமையாக நினைத்தார்கள். இரண்டாங்கை விலையோ அந்தப் பெருமைக்குப் பக்கத்தில் வராது. இப்படியான மணிக்கூடு என்றால் மேலே யோசிக்க வேண்டாம், எடுத்துக் கட்டுங்கள்.

ரோலெக்ஸ், ஒமேகா போன்றவை வேறு கணக்கு. ரோலெக்ஸில் மாதிரி இலக்கம் 12 மணிப் பக்கம், செயின் வந்து பூட்டும் இடத்தில் உடம்பின் விளிம்பில் வெட்டப்பட்டிருக்கும். தொடர் இலக்கம் எதிர்ப்பக்கம், 6 மணி அருகில். 2005க்குப் பிறகு வந்தவற்றில் தொடர் இலக்கத்தைக் கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் வளையத்தில் பார்க்கலாம். ரீச்சர் வீட்டு மணிக்கூட்டின் மாதிரி இலக்கம் 16233. 36 மில்லிமீட்டர் அகலம், உள்ளே 3135 என்ற தானியங்கி இயந்திரம். 1980களின் கடைசியிலிருந்து 2000களின் தொடக்கம் வரை வந்த மாதிரி அது.

"விநாடி முள் துடிக்காமல் வழுக்கி ஓடினால் அசல்" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை நம்பாதீர்கள். இன்றைய போலிகளிலும் முள் அப்படித்தான் ஓடுகிறது, பாரமும் சரியாகவே இருக்கிறது. பின்மூடியைத் திறந்து இயந்திரத்தைப் பார்த்தால்தான் உறுதி. ரோலெக்ஸின் மூடியைச் சுற்றிப் பற்கள் இருக்கும், அதற்கென்று தனிச் சாவி வேண்டும். சாவி இல்லாமல் குறட்டால் திருகுகிறவரிடம் கொடுத்தால் மூடியில் வடு விழும். அந்த வடுவே பிறகு விலையைக் குறைக்கும்.

அடுத்தது வாங்கியபோது கூட வந்த பெட்டியும் பத்திரமும். வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான். ரீச்சர் வீட்டில் இரண்டும் இல்லை, 2004 மார்கழி 26 சுனாமியில் கடலோடு போய்விட்டன. அன்று காலையில் அப்பாவின் கையில் கட்டியிருந்ததால் மணிக்கூடு மட்டும் மிஞ்சியது. கல்லடி, நாவலடிப் பக்கம் இப்படிப் பல வீடுகள். பத்திரம் இல்லாவிட்டால் விலை குறையும், விற்க முடியாமல் போகாது. பழைய படத்தில் வாங்கியவர் கையில் அது தெரிந்தால், திருத்திய கடை தந்த துண்டு ஏதாவது இருந்தால், எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது?

நான் ஐந்து விஷயங்களைக் கேட்பேன்.

காசு எப்போது தேவை? இந்த மாதமா, வருடக் கடைசியிலா, அல்லது தேவையே இல்லையா?

விற்றால் உண்மையில் கையில் வருவது எவ்வளவு? இணையத்தில் பார்த்த விலையை விட்டுவிடுங்கள். கழிவெல்லாம் போக மிஞ்சுவதைத்தான் கேட்கிறேன்.

வைத்திருந்தால் போவது எவ்வளவு? சும்மா வைத்திருப்பதற்கும் செலவு உண்டு.

பாதுகாப்பு. வீட்டிலும் வீதியிலும், விற்கிற அன்றும்.

யாருடைய பொருள்? தகப்பனுடைய மணிக்கூடு என்றால் உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் அதில் ஒரு சொல் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் தம்பி பத்து வருடம் அதைப் பற்றி விசாரித்திருக்க மாட்டார். விற்ற பிறகு கேட்பார். அதனால் விற்பதற்கு முன்பே குடும்ப வாட்ஸ்அப்பில் படத்தைப் போட்டு வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். காசுக் கணக்கில் வந்த பிழையைப் பிறகு சரிக்கட்டலாம், இதில் வந்த மனத்தாங்கல் ஆறாமல் கிடந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

## விற்பது

வெளிநாட்டுத் தளத்தில் ஒரு மணிக்கூடு 5,000 டொலருக்குப் போடப்பட்டிருக்கிறது என்று வைப்போம். டொலர் 300 ரூபாய் என்றால் 15 இலட்சம். மனம் அந்த 15 இலட்சத்தில் போய் உட்கார்ந்துவிடும். ஆனால் அது கடைக்காரர் கேட்கிற விலை. அவர் உங்களிடம் வாங்கும்போது தன் இலாபம், உத்தரவாதம், விற்கும் வரை காசு முடங்குவது எல்லாவற்றையும் கழிப்பார். நூற்றுக்கு 70 தருகிறார் என்றால் பத்தரை இலட்சம். பல வருடம் திறக்காத இயந்திரம் என்று தெரிந்தால் முழுச் சேவைக்கான செலவையும் கழிப்பார். ரோலெக்ஸுக்கு அது பல நூறு டொலர். 700 என்று போட்டால் 2 இலட்சத்து 10 ஆயிரம். மிஞ்சுவது 8 இலட்சத்து 40 ஆயிரம். இது ஓர் உதாரணக் கணக்கு, வீதங்கள் ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் நினைத்ததற்கும் கைக்கு வருவதற்கும் இவ்வளவு தூரம் இருக்கும் என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் பேரம் பேசும்போது மனம் உடையாது.

விற்பதற்கு நான்கு வழிகள்.

ஊரிலேயே. மட்டக்களப்பு நகரத்திலோ கல்முனையிலோ இந்த விலைக்கு வாங்குகிறவர்கள் மிகச் சிலர். தெரிந்தவர் யாராவது ஆசைப்பட்டுக் கேட்டால் அது நல்ல வழி, அலைச்சலும் கமிஷனும் இல்லை. நகைக் கடைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். அங்கே அதில் இருக்கிற தங்கத்தின் நிறையைத்தான் பார்ப்பார்கள். இரண்டு உலோகம் கலந்த மணிக்கூட்டில் தங்கம் கொஞ்சம்தான். மணிக்கூடாக இருப்பதற்குக் கிடைக்கும் விலை உருக்கினால் கிடைக்காது.

கொழும்பு. இரவுக் கோச்சியில் போய்க் காலையில் இறங்கி இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்கலாம். ஒரே நாளில் முடிக்கவேண்டும் என்று போகிறவர் குறைவாக விற்றுவிட்டு வருவார். திரும்பிப் போகும் நேரம் நெருங்குவது வாங்குகிறவருக்குத் தெரியும். முதலில் படங்களை அனுப்பி ஒரு விலைமட்டம் வாங்கிக்கொண்டு போங்கள். தங்க ஒரு வீடு இருந்தால் இன்னும் நல்லது.

இணைய விளம்பரம். நேராக வாங்குகிறவரே வருவதால் விலை கூட வரும், கூடவே ஆபத்தும். தொடர் இலக்கம் முழுதாகத் தெரியும் படத்தைப் போடாதீர்கள், போலிப் பத்திரம் செய்கிறவர்களுக்கு அது உதவும். வீட்டுக்கு யாரையும் அழைக்க வேண்டாம். பத்து இலட்சம் என்பது 200 ஐயாயிரம் ரூபாய்த் தாள், அதை வீதியில் நின்று எண்ண முடியாது. உங்கள் வங்கிக் கிளைக்கே அவரை வரச்சொல்லி, காசாளர் எண்ணிக் கணக்கில் போட்ட பிறகு மணிக்கூட்டைக் கொடுங்கள். காசு போட்டதாக அவர் தன் தொலைபேசியில் காட்டும் படத்தை ஏற்கவேண்டாம், உங்கள் கணக்கில் ஏறியதைப் பாருங்கள்.

வெளிநாட்டுச் சொந்தம். சுவிஸில் இருந்து மச்சான் வருகிறார், அவரிடம் கொடுத்துவிட்டால் அங்கே நல்ல விலைக்குப் போகும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. விலை அங்கே கூட என்பது உண்மை. ஆனால் விற்பதற்கென்று கொண்டுபோகும் பொருளைச் சுங்கத்தில் சொல்ல வேண்டும். சுவிஸில் 2025 தை முதல் ஒருவருக்கு 150 பிராங்க் பெறுமதி வரைதான் வரியில்லாமல் விடுகிறார்கள், அதற்கு மேல் 8.1 வீத வரி. பிரித்தானியாவில் அந்த வரி 20 வீதம். கையில் கட்டிக்கொண்டு போனால் யாருக்குத் தெரியும் என்று சொல்வார்கள். பிடிபட்டால் தண்டம் கட்டுவதும் பெயர் கெடுவதும் மச்சானுக்குத்தான். உங்கள் மணிக்கூட்டுக்காக இன்னொருவரை அந்த நிலையில் விடாதீர்கள். வரியைக் கட்டி, ரசீதோடு விற்றாலும் சில வேளை இலாபம் நிற்கும். அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லவேண்டும். அண்ணன் தந்த ஒமேகா சீமாஸ்டர் ஒன்று என்னிடம் இருந்தது. 2019இல் விற்க முடிவெடுத்தபோது, அழகாக இருந்தால் விலை கூடும் என்று நினைத்து ஒரு கடையில் கொடுத்து மினுக்குவித்தேன். கண்ணாடி மாதிரிப் பளபளத்து வந்தது. கொழும்பில் வாங்க வந்தவர் பூதக்கண்ணாடியை வைத்து ஒரு நிமிடம் பார்த்தார். பட்டி பூட்டும் நாலு மூலையும் கூராக இருக்கவேண்டியது, மழுங்கிப் போயிருந்தது. கோடு கோடாக இருக்கவேண்டிய பரப்பெல்லாம் வழுவழு என்று ஆகியிருந்தது. எதுவும் சொல்லாமல் தான் முதலில் சொன்ன விலையைக் குறைத்தார். அந்த மூலைகளைத் திருப்பி வைக்க ஒருவராலும் முடியாது. அதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு உறுத்துகிறது. விற்கிற எண்ணம் இருந்தால் மினுக்க வேண்டாம், டயலை மாற்ற வேண்டாம், முள்ளை மாற்ற வேண்டாம். 1990களின் பெரும்பாலான ரோலெக்ஸ் டயலில் இருட்டில் தெரிவதற்கென்று வைத்த புள்ளிகள் டிரிட்டியம் என்ற ஒளிரும் பொருள் பூசியவை. காலம் போகப்போகப் பால்கோவா நிறத்துக்கு வரும், இருட்டில் ஒளிராது. பழுது என்று நினைத்துப் புதுப்பிப்பவர்கள் உண்டு. அந்த நிறத்துக்குத்தான் தேடி வருகிறவர்கள் காசு கொடுக்கிறார்கள். மென்மையான துணியால் துடைத்து, உள்ளபடியே காட்டுங்கள்.

"இன்னும் கொஞ்சம் வைத்திருந்தால் விலை ஏறும்" என்பதையும் பார்த்துவிடுவோம். 2022இல் நம்மில் பலருக்கு மணிக்கூட்டு விலை இரட்டித்த மாதிரி இருந்தது. வருடத் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், வைகாசியில் 360ஐத் தொட்டது. ரூபாய் விழுந்ததுதான் அங்கே நடந்தது. அதே வருடத் தொடக்கத்தில் உலகச் சந்தையில் இரண்டாங்கை மணிக்கூட்டு விலை உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கத் தொடங்கியிருந்தது. டொலரில் விலை நிற்கும் பொருள் ஒன்று கையில் இருப்பது நெருக்கடியில் ஒரு காப்புத்தான். 2022 புரட்டாதியில் பணவீக்கம் 69.8 வீதம் போனபோது வங்கியில் இருந்த காசு கரைந்ததைக் கண்ணால் பார்த்தோம். ஆனால் அதற்குத் தங்கமும் உதவும், தங்கத்தை அவசரத்துக்கு மாற்றுவதும் லேசு.

விற்ற காசு எங்கே போகப்போகிறது என்பதைப் பொறுத்தும் கணக்கு மாறும். நிலையான வைப்பில் போடுவதற்காக விற்கவேண்டாம் என்பேன். 2023 தொடக்கத்தில் 20 வீதத்துக்கு மேல் கிடைத்த வட்டி, அடுத்த வருடமே ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. அந்த வட்டியிலும் வரி பிடிப்பார்கள். வட்டி ஏறிக்கொண்டிருக்கும் கடனை அடைப்பதற்கு, அடகில் இருக்கும் நகையை மீட்பதற்கு என்றால் விற்பதில் அர்த்தம் இருக்கிறது. காசு வந்த மறுநாளிலிருந்தே வட்டி நின்றுவிடும்.

## பூட்டி வைப்பது

பெரும்பாலானோர் செய்வது இதுதான். முடிவெடுக்காமல் விட்டால் தானாக நடப்பதும் இதுதான். செலவில்லாத வழி என்று நினைக்கிறோம், நம் ஊரில் அப்படியில்லை.

ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. மாரியில் அலுமாரிக் கதவைத் திறந்தால் சேலையிலேயே பூஞ்சண மணம் வரும். மணிக்கூட்டை நீர் புகாமல் காப்பது மெல்லிய ரப்பர் வளையங்கள், அவை கட்டினாலும் கட்டாவிட்டாலும் காய்ந்து வெடிக்கும். இயந்திரத்துக்குள் இருக்கும் எண்ணெய்யும் வருடம் போக உறையும் அல்லது வற்றும். என் அப்பா ஒரு மணிக்கூட்டைத் திறந்துவிட்டு, "இதக் கட்டியிருந்தா இவ்வளவு கெட்டிருக்காது" என்று சொன்னது எனக்கு நல்ல ஞாபகம். கையில் இருந்தால் நேரம் பிந்துவதை, கண்ணாடிக்குள் ஆவி படிவதை நாமே கவனிப்போம். பெட்டிக்குள் இருந்தால் யார் பார்ப்பது?

வைப்பது என்று முடிவு செய்தால் ஒழுங்காக வையுங்கள். சேலைத் துண்டு ஈரத்தைப் பிடிக்கும். காற்றுப் புகாத சின்னப் பெட்டி எடுங்கள். சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் இரண்டைப் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பூச்சி உருண்டைக்குப் பக்கத்தில் வேண்டாம். ஒலிபெருக்கி, காந்தம் உள்ள தொலைபேசி உறை பக்கத்திலும் வேண்டாம், காந்தம் ஏறினால் மணிக்கூடு தாறுமாறாக முந்தி ஓடும். பற்றறியில் ஓடுவது என்றால் பற்றறியைக் கழற்றிவிடுங்கள், அது கசிந்தால் இயந்திரமே போய்விடும். தானியங்கி மணிக்கூட்டுக்கு மாதம் ஒருமுறை சாவிக் குமிழைத் தளர்த்தி முப்பது சுற்றுக் கொடுத்து ஓடவிட்டு, பிறகு குமிழை இறுக்கி மூடுங்கள். இரவு ஒன்பது மணிக்கும் விடியற்காலை மூன்று மணிக்கும் இடையில் முள் நிற்கும்போது திகதியை மாற்றாதீர்கள், பல்லுச் சக்கரம் அப்போதுதான் திகதியைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

வங்கிப் பெட்டகத்தில் வைத்தால் திருட்டுப் பயம் குறையும். வருட வாடகை உண்டு, உள்ளே இருப்பதற்கு வங்கி பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை. பெட்டகத்துக்குப் போய் மாதாமாதம் சாவி கொடுக்கவும் ஏலாது. வெள்ளமும் புயலும் சுனாமியும் பார்த்த மாவட்டத்தில் பெட்டகத்துக்கு ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 1978 புயலையும் 2004ஐயும் தாண்டி நின்ற பொருட்கள் பெரும்பாலும் ஆட்களின் உடம்போடு இருந்தவை என்று மூத்தவர்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன்.

பூட்டி வைப்பது எப்போது சரி? வாரிசுக்குப் பன்னிரண்டு வயது, இன்னும் பத்து வருடத்தில் கொடுக்கப்போகிறோம் என்ற மாதிரித் தெளிவான ஒரு நாள் கண்ணுக்கு முன்னால் இருந்தால்.

## எடுத்துக் கட்டுவது

இதைச் சொன்னால் உடனே வரும் பதில், "இதக் கட்டிக்கிட்டு எங்க போறது?" என்பது. சந்தைக்குப் போகலாம், வேலைக்குப் போகலாம். இந்த மணிக்கூடுகள் வேலை செய்கிற மனிதனின் கைக்கென்று செய்யப்பட்டவை. ரீச்சர் வீட்டு மணிக்கூட்டின் கண்ணாடி சஃபையர், சாதாரணமாகக் கீறாது.

செலவு இருக்கிறது. பத்து வருடத்துக்கு ஒருமுறை முழுச் சேவை என்று ரோலெக்ஸ் சொல்கிறது, ஒமேகாவுக்கு ஐந்திலிருந்து எட்டு வருடம். 100 மீட்டர் ஆழம் தாங்கும் என்று எழுதியிருந்தாலும் பழைய ரப்பர் வளையத்தோடு கிணற்றடிக்கும் கடலுக்கும் போகாதீர்கள். கீறல் விழும், விற்கிற விலை கொஞ்சம் குறையும். நெரிசலான பஸ்ஸில் சட்டைக் கையை இறக்கிவிடுங்கள். மாமாங்கத் தீர்த்தத்துக்கு, ஆடி அமாவாசைச் சனத்துக்குள் இதைக் கட்டிப் போகவேண்டாம்.

அப்புறம், எனக்குப் பெரிதாகப் படும் விஷயம் ஒன்று. மட்டக்களப்பில் வீட்டைப் பெண்பிள்ளைக்குக் கொடுக்கிறோம். மணிக்கூட்டை மட்டும் யோசிக்காமலே மருமகன் கையில் கட்டிவிடுகிறோம். ரீச்சரிடம் கேட்டேன்:

"நீங்க கட்டிப் பாத்தீங்களா ரீச்சர்?"

"நானா? அது ஆம்பிள வோச்செல்லோ தம்பி."

36 மில்லிமீட்டர் இன்று பெண்கள் சாதாரணமாகக் கட்டும் அளவு. எட்டு வருடமாக அந்த வீட்டில் யாருக்கும் அது தோன்றவில்லை. மகளாகிய அவருக்கே தோன்றவில்லை. கையில் போட்டுக் காட்டச் சொன்னேன். செயின் பெரிது, மூன்று கண்ணி கழற்றவேண்டும். டயல் அவர் கைக்கு அளவாக இருந்தது. கழற்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

## பிள்ளைக்குக் கொடுப்பது

கல்யாணத்துக்கோ, பல்கலைக்கழகம் முடித்து முதல் வேலைக்குப் போகும்போதோ கொடுக்கலாம். சேவை செய்து, ஓடுகிற நிலையில் கொடுங்கள். ஓடாத மணிக்கூட்டைக் கொடுப்பது பிள்ளையின் தலையில் ஒரு செலவைக் கட்டிவிடுவது. யார், எந்த நாட்டில், என்ன வேலை செய்து வாங்கியது என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். இரண்டு பிள்ளைகள் இருந்தால் மற்றவருக்கு என்ன என்பதையும் அதே நாளில் சொல்லிவிடுங்கள். பிள்ளைக்குப் பிடிக்காவிட்டால் வற்புறுத்தக் கூடாது. இன்று பலருக்குக் கையில் ஸ்மார்ட் மணிக்கூடுதான் வேண்டும்.

## ஈடு வைப்பது

சுருக்கமாகச் சொன்னால், வேண்டாம். வங்கிகள் அடகுக்கு எடுப்பது தங்கத்தை. மணிக்கூட்டைத் தனியாரிடம் ஈடு வைத்தால் தருகிற காசு குறைவு, வட்டி அதிகம், திரும்பி வரும்போது உள்ளே அதே உறுப்புகள்தானா என்று சோதிக்க வழியுமில்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | கைக்கு வரும் காசு | வெளியே தெரியாத செலவு | ஆபத்து | யாருக்குச் சரி |
|---|---|---|---|---|
| ஊரில் தெரிந்தவருக்கு விற்பது | நடுத்தரம் | பிறகு ஏதும் பழுது என்றால் மனத்தாங்கல் | குறைவு | நம்பிக்கையான ஆள் தானாகக் கேட்டால் |
| கொழும்பில் கடைக்கு விற்பது | குறைவு, ஆனால் உடனே | பயணம், சேவைக் கழிவு | குறைவு | இந்த மாதமே காசு வேண்டுபவர் |
| இணையத்தில் நேரடி விற்பனை | கூட | பல வாரம் காத்திருப்பு | அதிகம் | பொறுமையும் துணைக்கு ஆளும் உள்ளவர் |
| வெளிநாட்டில் விற்பது | எல்லாவற்றிலும் கூட | சுங்க வரி, சொந்தக்காரரின் நேரம் | நடுத்தரம் | வரி கட்டியும் மிஞ்சும் அளவு விலையுள்ளது |
| கட்டுவது | இல்லை | பத்து வருடச் சேவை, கீறல் | நடுத்தரம் | அவசரக் கடன் இல்லாதவர் |
| பூட்டி வைப்பது | இல்லை | ஈரம், வற்றும் எண்ணெய், வாடகை | மெதுவாகக் கெடும் | கொடுக்கும் நாள் தெரிந்தவர் |
| பிள்ளைக்குக் கொடுப்பது | இல்லை | சேவை, மற்றப் பிள்ளையின் பங்கு | குறைவு | விரும்பிக் கேட்கும் பிள்ளை இருந்தால் |

## நான் யாருக்கு என்ன சொல்வேன்

கழுத்தை நெரிக்கும் கடன் இருந்தால் விற்றுவிடுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். உழைத்து வாங்கியவர் உயிரோடு இருந்தால் வீட்டைத்தான் முதலில் பார்த்திருப்பார். மணிக்கூட்டின் மேல் உங்களுக்கு எந்த ஒட்டுதலும் இல்லை, பரிசாக வந்தது, மாதிரியும் விலை போகக்கூடியது என்றாலும் விற்கலாம். அதை விரும்பிக் கட்டுகிற ஒருவர் கைக்குப் போகட்டும்.

ஒட்டுதல் இருக்கிறது, அவசரம் இல்லை, ஆனாலும் குழப்பம் என்றால் ஒரு மாதம் கட்டிப் பாருங்கள். தினமும், வேலைக்கும் கடைக்கும். மாதக் கடைசியில் கழற்றி வைக்கும்போது கை வெறுமையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். வெறுமையாகத் தெரியாவிட்டால் விற்பதற்கான படங்களை எடுக்கத் தொடங்கலாம்.

ரீச்சர் வீட்டில் இரண்டு காப்பு வங்கியில் அடகில் இருக்கிறது. அடகுச் சீட்டு மார்கழியில் முடிகிறது. கணவனும் மனைவியும் மாதாமாதம் கட்டி வருவதால் பெரும்பாலும் மீட்டுவிடுவார்கள், உறுதியில்லை. அதனால் கார்த்திகை வரை கட்டுங்கள், அப்போது சீட்டில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்று சொன்னேன். அதற்குள் சுவிஸில் இருக்கும் தம்பியிடமும் பேசிவிடச் சொன்னேன். விற்பதானால் கொழும்பில் இரண்டு இடத்து விலைமட்டத்தை இப்போதே வாங்கி வைப்பது நல்லது என்றும் சொன்னேன், கடைசி வாரத்தில் ஓடினால் அடிமாட்டு விலைதான்.

செயினைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது கண்ணிகளுக்கு இடையில் மெல்லிய மணல் இறுகியிருந்தது. மணல் இருந்தால் ஊசிகள் தேய்ந்து செயின் தொய்யும், கழுவத்தான் வேண்டும். சொன்னேன். ரீச்சர் கொஞ்சம் தயங்கினார். அது அந்த மார்கழிக் காலையில் ஏறிய மணலா, பிறகு சேர்ந்த தூசியா என்று யாராலும் சொல்ல முடியாது. கடைசியில் அவரே ஒரு வெள்ளைத் தாளை விரித்தார். மென்மையான பல்தூரிகையால் நான் தட்டத் தட்ட விழுந்ததை மடித்து, கழற்றிய மூன்று கண்ணிகளோடு சேர்த்து அந்தச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தார். மணிக்கூடு திங்கட்கிழமை அவரோடு பாடசாலைக்குப் போயிருக்கிறது.